மருத்துவருக்கு நாம் எழுதும் அந்த ஒரு பக்கம்

“வீட்டுல அவன் அப்படி இல்லையே டீச்சர்.”

முதலாமாண்டு வகுப்பு எடுத்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதல்ல. அம்மா எதையோ மறைக்கிறார் என்று உடனே நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லீங்க. வீட்டில் ஒரு பிள்ளை, கையில் கைப்பேசி. அரை மணி நேரம் உட்கார்ந்து எழுது என்று யாரும் சொல்வதில்லை. வகுப்பிலோ முப்பது பேர், மணிச்சத்தம், வரிசை. இருவர் பார்ப்பதும் உண்மைதான்.

ஏடிஎச்டி உண்டா என்று முடிவு செய்யும் மருத்துவருக்கு இந்த இரண்டு பார்வையும் வேண்டும். அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கேனிலோ இது தெரியாது. ஆட்டிசமும் அப்படித்தான். பள்ளி அறிக்கை கேட்பது அதனால்தான்.

குடும்பம் அந்த மருத்துவர் முன் போய் உட்காருவதற்குள் படும் பாடு நமக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஒன்றரை வயதிலும் மூன்று வயதிலும் கிளினிக் கெசிஹாத்தானில் ஆட்டிசத்துக்கான கேள்வித்தாள் கொடுப்பார்கள். “அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினாரு” என்று பாட்டி சொல்லியிருப்பார். அம்மாவும் எல்லாம் சரி என்று குறித்துவிட்டு வந்திருப்பார். பள்ளிக்கு வந்த பிறகுதான் கவலை தொடங்கும். கிளினிக்கில் கடிதம், மருத்துவமனைத் தேதிக்காகக் காத்திருப்பு, காது பரிசோதனை, பேச்சுப் பயிற்சியாளர் என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒருவர் வேலைக்கு லீவு போட வேண்டும். தனியாரிடம் சீக்கிரம் முடியும், ஆனால் காசு?

இன்னொரு பயமும் உண்டு. பரிசோதனைக்குப் போனாலே ஓகேயு அட்டை வந்துவிடும், பிள்ளை பேர் கெட்டுவிடும் என்று. அட்டைக்குப் பதிவது பெற்றோரின் விருப்பம். பரிசோதனை வேறு, அட்டை வேறு. இதை நாம் சொன்னால் பாதிப் பேருக்கு மூச்சு வரும்.

இப்போது என் கதை. மூன்றாமாண்டில் ஒரு மாணவி. சத்தமே போடமாட்டாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். துள்ளித் திரியும் பையன்களைத்தான் நமக்குக் கண்ணில் படும். இவளைப் போன்றவர்கள் தப்பிவிடுவார்கள். அவள் அம்மா கொண்டுவந்த மருத்துவமனைப் படிவத்தை ஓய்வு நேரத்தில், ஒரு கையில் நாசி லெமாக்கோடு, ‘சில வேளை’, ‘சில வேளை’ என்று வரிசையாகக் குறித்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அம்மா மறுபடி வந்தார்.

“டீச்சர், இத வெச்சு ஒன்னும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க. அடுத்த தேதி நாலு மாசம் கழிச்சு. இன்னொரு தடவ எழுதித் தர்றீங்களா?”

நான்கு மாதம். என் ஐந்து நிமிட அலட்சியத்துக்கு.

இரண்டாம் முறை ஒரு வாரம் குறிப்பெடுத்தேன். ‘சோம்பேறி’, ‘கவனமில்லை’ என்ற சொற்களை விட்டுவிட்டேன். ‘கணிதத்தில் பத்துக் கேள்வி கொடுத்தால் மூன்றாவதோடு நிறுத்துகிறாள், பக்கத்தில் நின்றால் முடிக்கிறாள், வாரத்தில் நான்கு நாள் பென்சில் பெட்டியைத் தொலைக்கிறாள்’ என்று பார்த்ததை மட்டும் எழுதினேன். நோயின் பெயரை நாம் எழுதக்கூடாது, அது மருத்துவர் வேலை.

நம்மால் மட்டுமே எழுத முடிந்த ஒன்று மொழி. மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கும்போது பிள்ளை வாயைத் திறக்காவிட்டால், மொழி புரியாததாலா, வேறு காரணமா என்று அங்கே எப்படித் தெரியும்? தமிழில் எப்படிப் பேசுகிறான் என்று எழுதுங்கள். “சாப்பிட்டியா?” என்றால் பதில் சொல்கிறானா, “சாப்பிட்டியா” என்று திருப்பிச் சொல்கிறானா? தண்ணீர் கேட்க “உனக்குத் தண்ணி வேணுமா” என்கிறானா? அந்தச் சொற்களை அப்படியே எழுதி, பக்கத்தில் மலாயில் பொருள் கொடுங்கள்.

ஒரு நகல் கோப்பில் இருக்கட்டும், ஒன்று அம்மா கையில். அடுத்த ஆண்டு வகுப்பாசிரியர் மாறினாலும் அவர் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.