வீணை தனம்மாளின் வீட்டுக் கூடம்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ண செட்டித் தெருவிலிருந்த ஒரு வீட்டுக் கூடத்தில், வெள்ளிக்கிழமை தோறும் மாலை விளக்கேற்றிய பின் ஒரு மாதரசி வீணை வாசிப்பது வழக்கமாக இருந்தது. சபைக்குரிய ஆடம்பரம் எதுவும் இல்லாத அந்தக் கச்சேரிக்கு, நாட்டில் பிரக்யாதி பெற்ற வித்வான்களே சென்று, ரசிகர்களோடு ரசிகர்களாய்த் தரையில் அமர்ந்து, வாய் திறவாமல் கேட்டுவிட்டு வருவதைத் தங்கள் பாக்கியமாகக் கருதினார்கள். 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்த வீணை தனம்மாளே அந்த மாதரசி. கர்நாடக சங்கீதத்தின் சரித்திரத்தை மேடைகளையும் சபாக்களையும் கொண்டே எழுதிப் பழகிவிட்ட நமக்கு, அந்தச் சரித்திரத்தின் மிக நுட்பமான அத்தியாயம் ஒரு வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது அவசியம் என்று எனக்குப் பலகாலமாகத் தோன்றி வருகிறது.

தஞ்சாவூர் அரண்மனையில் ஆடியும் பாடியும் வந்த தேவதாசி மரபில் தோன்றியவர் தனம்மாள். பாட்டி காமாட்சியம்மாள் அந்த அரண்மனையின் நர்த்தகி. தாயார் சுந்தரம்மாள் பாட்டில் தேர்ந்தவர். சியாமா சாஸ்திரிகளின் குமாரரான சுப்பராய சாஸ்திரிகளின் பாடாந்தரம் குடும்பச் சொத்தாகவே தனம்மாளுக்குக் கிடைத்தது. முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனங்களைச் சாத்தனூர் பஞ்சநதய்யரிடமும், க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்களைக் கண்பார்வை இழந்த பாலதாஸ் நாயுடுவிடமும் அவர் பாடம் செய்தார். பிற்காலத்தில் அவருக்கும் பார்வை மங்கிப் போயிற்று. செல்வமும் அந்த வீட்டில் நிலைக்கவில்லை. இவற்றை விரித்துச் சொல்லி இரக்கத்தைத் தேடுவது அவர் வாசிப்பின் கௌரவத்துக்கு ஏற்றதாகாது.

அந்த வாசிப்பின் பெருமையை உணர வேண்டுமானால், வீணை என்ற வாத்தியத்தின் இயல்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பலாமரத்தில் குடைந்த குடம், அதிலிருந்து நீளும் தண்டி, தண்டியின் மேல் மெழுகில் பதித்த இருபத்து நான்கு மெட்டுகள், யாளி முகத்தை ஒட்டித் தாங்கி நிற்கும் சுரைக்குடுக்கை, வாசிப்பதற்கு நான்கு தந்திகள், பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. மீட்டியவுடன் எழும் நாதம் வெகு சீக்கிரம் தேய்ந்து போய்விடும். குழலைப் போல மூச்சுள்ளவரை நீட்டவோ, பிடிலைப் போல வில்லால் இழுத்துக்கொண்டே போகவோ இதில் வழியில்லை. ஆகையால், வலக்கை ஒரு முறை மீட்டிய நாதம் அடங்குவதற்குள், இடக்கை விரல் அதே மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அடுத்த ஸ்வரத்தையும், அதற்கடுத்த ஸ்வரத்தையும், அவற்றுக்கிடையே உள்ள அசைவுகளையும் பிழிந்தெடுத்தாக வேண்டும். சத்தம் போதவில்லை என்று எண்ணுகிறவர்கள் அடிக்கடி மீட்டுவார்கள். அப்போது ராகம் துண்டு துண்டாக உடைந்து, தந்தியின் ஓசை மட்டுமே காதில் விழும். தனம்மாளோ விரல் நகங்களாலேயே மீட்டி, ஒரு மீட்டின் ஆயுள் எவ்வளவோ அவ்வளவையும் ராகத்துக்கே செலவிட்டு, மிருதங்கம் முதலிய பக்கவாத்தியங்களை வேண்டாமென்று விலக்கி, தாமும் மெல்லிய குரலில் கூடப் பாடிக்கொண்டு வாசித்தார். வாத்தியத்தின் குறை என்று பிறர் கருதிய அந்த அடங்கிய நாதத்தையே அவர் தம் கலைக்கு அஸ்திவாரமாக அமைத்துக்கொண்டார் என்பதுதான் என் துணிபு. அந்தக் கூடத்தில் நிலவிய நிசப்தத்தைப் பற்றிப் பலரும் வியந்து பேசியிருக்கிறார்கள். ஒரு மூலையில் யாரேனும் இருமினால் ஒரு கமகம் பறிபோய்விடும் என்றிருக்கும்போது, அந்த நிசப்தம் சங்கீதத்தின் ஓர் அங்கமாகவே இருந்திருக்க வேண்டும்.

இத்தகைய வாசிப்புக்குப் பதங்களைப் போல் ஏற்றது வேறொன்றில்லை. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த க்ஷேத்ரக்ஞரின் பதங்களில், தலைவி தோழியிடமோ தலைவனிடமோ மனத்தைத் திறந்து பேசுகிறாள். சொற்கள் சில, காலப்பிரமாணமோ மிகவும் விளம்பம். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே விரியும் அந்த நீண்ட வெளியை ராகபாவத்தால் நிரப்பத் தெரியாதவர்கள் பதத்தைத் தொட்டால், அது உயிரற்றுக் கிடக்கும். தர்மபுரி சுப்பராயரின் ஜாவளிகள் என்ற சிருங்காரப் பாட்டுகளும் அந்த வீட்டிலே செல்வாக்குடன் விளங்கின. சிருங்காரம் என்ற பெயரைக் கேட்டே முகம் சுளித்த ஒரு காலத்தில், இந்தச் சாஹித்யங்களைச் சிறிதும் கொச்சைப்படாமல், தெய்வ சந்நிதியில் பாடுவதற்குரிய கம்பீரத்தோடு காப்பாற்றிக் கொடுத்தவர்கள் இந்தக் குடும்பத்துப் பெண்மணிகளே. 1947-இல், பெண்களைத் தேவதாசிகளாக்கப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்த சட்டம் வந்தது. அந்த வழக்கம் ஒழிந்தது நியாயமே. ஆனால், அம்மரபினர் மீது சமூகம் சுமத்திய இழிவு அவர்களது வித்தையின் மீதும் படிந்ததே, அதை எந்த நியாயத்திலும் சேர்க்க முடியாது.

வித்தை எவ்வாறு அடுத்த தலைமுறைக்குச் சென்றது என்பதைக் கவனித்தால் வியப்பே மிகுகிறது. தனம்மாளின் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் சேர்ந்து பாடிய பதங்களைக் கேட்டவர்கள், வீணையின் இழைப்பு குரலிலே இறங்கியிருப்பதைக் காணலாம். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடமும் பயின்ற பிருந்தாவிடம், ஏற்கெனவே புகழ் முற்றிய எம். எஸ். சுப்புலட்சுமி முதலானோர் வந்து பதம் கற்றுக்கொண்டார்கள். மற்றொரு பேத்தி நர்த்தகி பாலசரஸ்வதி. தாயார் ஜயம்மாள் பாட, அவர் அபிநயம் பிடித்தபோது, பாட்டியார் ஒரு மீட்டில் அடக்கிய அசைவுகளைப் போலவே, ஒரே வரிக்குள் உள்ளத்தின் பல நிலைகள் கண்ணிலும் கையிலும் மாறி மாறித் தோன்றின. 1976-இல் சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தார். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பாலசரஸ்வதிக்கு 1973-ஆம் ஆண்டுக்கும், பிருந்தாவுக்கு 1976-ஆம் ஆண்டுக்கும் வழங்கப்பட்டது. தனம்மாளிடம் நேரே பயின்ற ஆர். ரங்கராமானுஜ அய்யங்கார் ஏராளமான உருப்படிகளை ஸ்வரப்படுத்தி அச்சிட்டார். ஆயினும் பதத்தின் அசைவுகளை ஏடு முழுவதும் தாங்காது, வாய்வழியாகவே அவை வர வேண்டும்.

தனம்மாளின் வாசிப்பு முதுமையில் கிராமபோன் தட்டுகளில் பதிவாயிற்று. தட்டின் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷமே இடம் என்ற நிர்ப்பந்தம் வேறு; ஊசியின் இரைச்சல் வேறு. முதல்முறை கேட்கிறவர்களுக்கு இதிலே என்ன இருக்கிறது என்று தோன்றக்கூடும். அவர்கள் முதலில் பிருந்தாவும் முக்தாவும் பாடிய ஒரு பதத்தைச் சாவகாசமாகப் பலமுறை கேட்டு, அதன் நிதானம் காதில் ஊறிய பின் பாட்டியாரின் தட்டுக்கு வந்தால், இரைச்சலைத் தாண்டி அந்த விரல்கள் தந்தியை எங்கே இழுக்கின்றன, எங்கே விடுகின்றன என்பது தானாகவே புலப்படத் தொடங்கும்.