சர்வருக்கு எந்த மொழி?

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் தயங்காமல் மூன்று என்று சொல்லும். அதே கேள்வியை இணையதளங்களை இயக்கும் மொழிகளிடம் கேட்டுப் பாருங்கள். பிஎச்பியில் வழக்கமான கட்டளையைப் போட்டால் 15 என்று விடை வரும். கோ மொழியும் 15 என்றே சொல்லும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் 5 என்கின்றன. எலிக்சிர் என்ற மொழியோ பிள்ளை சொன்ன அதே மூன்றைச் சொல்கிறது.

எந்த விடையும் பிழை அல்ல. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என இந்தச் சொல்லுக்கு ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட் இடம் பிடிக்கும். ஆகவே சிலது பைட்டை எண்ணுகிறது, சிலது குறியீட்டை எண்ணுகிறது, எலிக்சிர் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது. மேலே சொன்ன மற்ற மொழிகளிலும் மூன்று என்ற விடையை வரவழைக்க வழி உண்டு, ஆனால் தேடி எடுத்துப் போட வேண்டும். அப்படிச் செய்யாத நிரலர், செய்தித் தலைப்பை இருபது 'எழுத்தில்' நறுக்கும்போதுதான் தமிழ்ச் சொல்லின் வாலில் கட்டமும் கேள்விக்குறியும் முளைக்கின்றன.

மொழிகளுக்குள் இருக்கும் வேறுபாடு பெரும்பாலும் இப்படிப்பட்டதுதான். ஒன்றில் முடிவது மற்றதிலும் முடியும். நாம் கேட்காமலே எதைக் கையில் தருகிறது, எதற்கு நம்மை அலைய விடுகிறது என்பதில்தான் அவை பிரிகின்றன. கணினிப் படிப்பு முடித்து எதைக் கற்பது என்று தேடும் மாணவருக்கும், கடைக்கு ஒரு இணையதளம் கட்ட முன்பணம் கொடுக்கப்போகும் வியாபாரிக்கும் முதலில் விளங்க வேண்டியது இது.

நம்மூர் ஓட்டல்களில் பரிமாறுகிறவரைச் சர்வர் என்கிறோம். இணையத்தில் இருக்கும் சர்வரின் வேலையும் அதுவே: கேட்டதை உள்ளே சொல்லி, வந்ததைக் கொண்டுவந்து வைப்பது. கைபேசியில் பஸ் டிக்கெட் பொத்தானை அழுத்தினால், தொலைவில் உள்ள அந்தக் கணினியில் ஒரு நிரல் தரவுத்தளத்தைத் திறந்து, இருக்கை இருக்கிறதா என்று பார்த்து, கட்டணத்தைக் கணக்கிட்டு அனுப்புகிறது. அந்த நிரலை எந்த மொழியில் எழுதுவது என்பதுதான் கேள்வி.

ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்துக்காக எழுதி 1995இல் வெளியிட்ட கருவிகளிலிருந்து வளர்ந்தது பிஎச்பி. அதில் மேசைக்கு ஒரு சர்வர். ஆள் சாப்பிட்டு எழுந்ததும் அவரும் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார். ஒரு மேசையில் தட்டு உடைந்தால் அடுத்த மேசைக்குத் தெரியாது. 2009இல் ரயன் டால் வெளியிட்ட நோட், ஜாவாஸ்கிரிப்டைச் சர்வருக்குக் கொண்டுவந்தது. அதில் ஒரே சர்வர் கூடம் முழுவதையும் பார்க்கிறார். தோசை என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, அது வேகும்வரை நிற்காமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவார். அரட்டைச் செயலி, வண்டி எங்கே வருகிறது என்று காட்டும் வரைபடம் போல ஆயிரக்கணக்கானோர் இணைப்பிலேயே காத்திருக்கும் வேலைக்கு இது மிகப் பொருத்தம். ஆனால் அதே ஆளிடம் மாதக் கணக்கைக் கூட்டச் சொன்னால் கூடமே காத்திருக்கும். கவனிக்காமல் விட்ட ஒரு பிழை, அந்த ஓட்டத்தில் உள்ள எல்லா வாடிக்கையாளரையும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளிவிடும். கூகுளில் பிறந்து அதே 2009இல் வெளிவந்த கோ, சில கிலோபைட் நினைவகமே போதும் என்கிற சிக்கனமான ஆட்களைப் பெரும் எண்ணிக்கையில் வைத்து இரண்டு முறைக்கும் நடுவே ஒரு வழி காண்கிறது.

அப்படியானால் வேகம்? இந்தச் சண்டையில் அதிகம் அடிபடும் சொல் அதுதான். இரண்டு நிறுவனங்களின் கதை அதற்கு நல்ல விடை.

2006இல் தொடங்கிய ட்விட்டர், ரூபி மொழிக்கான ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற கட்டமைப்பில் கட்டப்பட்டது. கூட்டம் பெருகியபோது தளம் அடிக்கடி விழுந்தது. பறவைகள் தூக்கிச் செல்லும் திமிங்கிலப் படம் திரையில் வருவது பயனர்களுக்குப் பழகிப்போனது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது அந்தப் படம் நிறையவே தோன்றியது. ட்விட்டர் மொழியை மாற்றியது. உள்வேலைகள் ஒவ்வொன்றாக ஸ்காலாவுக்கும் ஜாவாவுக்கும் போயின. 2011இல் தேடல் பகுதியை ஜாவாவுக்கு மாற்றியபோது வேகம் மூன்று மடங்கானதாக நிறுவனமே அறிவித்தது.

2004இல் பிஎச்பியில் தொடங்கிய ஃபேஸ்புக்குக்கும் அதே நெருக்கடி வந்தது. அது மொழியை விடவில்லை, மொழியை ஓட்டும் எந்திரத்தை மாற்றியது. 2010இல் வெளியிட்ட ஹிப்ஹாப் என்ற கருவி, பிஎச்பி நிரலைச் சி++ ஆக மாற்றிக் கொடுத்தது. சர்வர்களின் செயலிச் சுமை பாதியளவு குறைந்தது. பிறகு 2014இல் பிஎச்பியிலிருந்து ஹாக் என்ற மொழியையே உருவாக்கிக்கொண்டார்கள்.

ஒருவர் வீட்டை மாற்றினார், ஒருவர் அதே வீட்டை இடித்துக் கட்டினார், இருவரும் பிழைத்தார்கள். நான் இதில் முக்கியமாகப் பார்ப்பது காலத்தை. இருவருக்கும் இந்தச் சிக்கல் வந்தது ஏராளமான ஆட்கள் சேர்ந்த பிறகு. ஆட்களைச் சேர்த்தபோது இருவருக்கும் உதவியது, சீக்கிரம் எழுதி சீக்கிரம் மாற்ற முடிகிற மொழி. சாதாரணத் தளத்தில் நேரத்தைத் தின்பது பெரும்பாலும் மொழியே அல்ல: சுட்டி (இண்டெக்ஸ்) இல்லாத தரவுத்தள அட்டவணை, சுருக்காமல் ஏற்றிய பெரிய படங்கள், ஒரு பக்கத்துக்கு நூறு முறை தரவுத்தளத்தைத் தட்டும் நிரல். இவற்றைச் சரிசெய்யாமல் மொழியை மாற்றுவது வீண் செலவு.

மொழியே கதையை முடிவுசெய்த இடமும் உண்டு. எரிக்சன் நிறுவனம் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கிய எர்லாங்கை வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டது. 2012இல் ஒரே சர்வரில் 20 லட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக அது அறிவித்தது. ஒரே சமயத்தில் எண்ணற்ற அழைப்புகள், ஒன்று அறுந்தாலும் மற்றது அறுந்துவிடக்கூடாது என்ற தேவைக்கே பிறந்த மொழி அது. தமிழை மூன்றென்று எண்ணிய எலிக்சிரும் எர்லாங்கை ஓட்டும் அதே எந்திரத்தின் மீதே ஓடுகிறது.

பத்திரிகைத் தொழிலிலிருந்தே வந்த உதாரணம் ஒன்றும் உண்டு. பைத்தானில் தளம் கட்டப் பயன்படும் ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறு நகர நாளிதழின் இணையப் பிரிவில் உருவாகி 2005இல் பொதுவுக்கு வந்தது. செய்தி வந்த அன்றே தளத்தில் புதுப் பகுதி வேண்டும் என்ற அவசரத்தில் உருவானதால், எழுதுவோரும் திருத்துவோரும் புழங்கும் நிர்வாகப் பக்கத்தை அதுவே தயாரித்துத் தந்துவிடுகிறது. நம்மூர் உதாரணமும் உண்டு: சென்னையில் 2010இல் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்டெஸ்க் தன் வளர்ச்சியை ரூபி ஆன் ரெயில்ஸின் மீதே கட்டியது. ட்விட்டரை இடறவைத்த அதே ரெயில்ஸ்தான்.

எனவே என் தீர்ப்பு இது. கடை, பள்ளி, சங்கம், சிறு பத்திரிகை ஆகியவற்றின் தளத்துக்குப் பிஎச்பியும் அதில் எழுதப்பட்ட வேர்ட்பிரஸும் இன்றும் போதும். உலகின் இணையதளங்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் வேர்ட்பிரஸில்தான் ஓடுகின்றன, மலிவான வாடகை சர்வரில் கோப்பை ஏற்றினாலே இயங்கும், கெட்டுப்போனால் பழுதுபார்க்க உள்ளூரிலேயே ஆள் கிடைப்பார். நேரலைச் செயலிக்கு நோட் அல்லது கோ. தரவு ஆய்வும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த வேலைக்குப் பைத்தான். வங்கி, காப்பீடு போன்ற பெரிய அலுவலக வேலைக்கு ஜாவா அல்லது சி#. மாணவர் இதில் ஒன்றை ஆழமாகக் கற்று, கூடவே தரவுத்தளத்தையும், உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்டிடிபி எப்படி இயங்குகிறது என்பதையும் படித்தால், இரண்டாவது மொழி சில வாரங்களில் கைக்கு வந்துவிடும்.

மொழியைவிடப் பதிப்பு முக்கியம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1இல் முடிந்தது. பிஎச்பி 7.4க்கு 2022 நவம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அவற்றை உருவாக்கியவர்கள் அடைப்பதில்லை. அப்படிப்பட்ட பழைய பதிப்பில் ஓடும் தளத்தில் உங்கள் வாடிக்கையாளரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கின்றன.

ஆகவே தளம் கட்டித் தருகிறவரிடம் பணம் கொடுக்கும் முன் மூன்று விவரங்களைத் தாளில் எழுதி வாங்குங்கள்: எந்த மொழி, எந்தப் பதிப்பு, அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நிற்கும் தேதி.