திருவக்கரை கல்மரங்கள்

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையின் செம்மண் மேட்டில் கிடக்கும் இந்த அடிமரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையானவை. வேரோ கிளையோ இலையோ ஒன்றிலும் இல்லை. ஆகவே இவை இங்கே வளர்ந்தவை அல்ல. பழைய வெள்ளம் வேறிடத்திலிருந்து அடித்து வந்து, இன்று கடலூர் மணற்கல் எனப்படும் படிவுக்குள் புதைத்தவை. காற்றுப் படாததால் மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகள் ஒவ்வொன்றிலும் இறங்கிப் படிந்தது. மரம் போய்க் கல் நின்றது. உருவம் மட்டும் மாறவில்லை. குனிந்து பார்த்தால் வளையங்களும் கணுக்களும், நேற்று அறுத்த கட்டையில் போலவே தெரியும். புளியமரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் இவற்றில் உண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. உதிர்ந்து கிடக்கும் சில்லுகளையும் எடுத்துச் செல்ல வேண்டாம்.