மலைப்பாம்புக் குட்டி வளர்க்க ஆசையா? முதல்ல இதைப் படிங்க!

காரைக்கால் சுரக்குடி வயலில் மலைப்பாம்புக் குட்டி கண்ணில் பட்டால் வீட்டில் வளர்க்கலாமா? கூடவே கூடாது! 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பிடித்து வைத்தால் 3 முதல் 7 ஆண்டுகள் சிறை. புதுச்சேரி வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

பலர் செல்லமாக வளர்ப்பது ஆப்பிரிக்காவின் ‘பால் பைத்தான்’. சென்னை விமான நிலையத்தில் கடத்தல் பெட்டிகளில் சிக்கியதும் இந்த ரகம்தான். இதை வைத்திருக்க, மத்திய அரசின் ‘பரிவேஷ்’ தளத்தில் பதிவு கட்டாயம்.

குட்டிக்கு இறுக்கமான மூடியுள்ள கண்ணாடித் தொட்டி, ஒளிந்துகொள்ளப் பெட்டி, தண்ணீர்க் கிண்ணம் தேவை. தொட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 26 டிகிரி இருக்க வேண்டும். உணவு, அதன் உடல் தடிமனுக்கு மிஞ்சாத எலி, வாரம் ஒன்று. விழுங்கிய பின் 2 நாள்கள் தூக்கவே கூடாது.

இதன் ஆயுள் 20 முதல் 30 ஆண்டுகள். பத்தாவது படிக்கும் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கினால், அவருக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் தொட்டியில் பாம்பு இருக்கும்!