மூணு கேமரா: டாக்குமென்டரி எதுக்குப் பார்க்கணும்?

டாக்குமென்டரின்னு சொன்னாலே நம்மள்ல பாதிப் பேருக்கு ஸ்கூல்ல லைட்டை அணைச்சுட்டுப் போட்டுக் காட்டின படம்தான் ஞாபகம் வரும். கனத்த குரல்ல யாரோ பேசிக்கிட்டே இருப்பாங்க, நாம பின் பெஞ்சுல தூங்கிட்டிருப்போம். இன்னிக்கு அந்த எண்ணத்தைக் கொஞ்சம் மாத்திப் பார்க்கலாம். அதுக்கு முதல்ல திருச்செங்கோடு மலைக்குப் போகணும்.

முதல் கேமரா, இரண்டாவது கேமரா

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், இன்ஜினியரிங் முடிச்ச தலித் இளைஞர், கூடப் படிச்ச தோழியோட அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குப் போறார். அந்தத் தோழி வேற சாதி. மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்துல கோகுல்ராஜோட உடல் கிடைக்குது.

தற்கொலை பண்ணிக்கப் போறேன்னு அவரே பேசுற மாதிரி ஒரு செல்போன் வீடியோ இருந்துச்சு. கடத்திட்டுப் போனவங்க மிரட்டி எடுத்த வீடியோ அதுன்னு வழக்குல அரசுத் தரப்பு சொன்னது. இது முதல் கேமரா. பொய் சொல்றதுக்காகவே பிடிச்ச கேமரா.

இரண்டாவது, கோயில்ல இருந்த சிசிடிவி. விசாரணையில முக்கிய சாட்சியே பிறழ்சாட்சி ஆனப்போ, இந்தப் பதிவுதான் பெரிய ஆதாரமா நின்னுச்சு. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீடு வந்தப்போ, உயர் நீதிமன்ற நீதிபதிகள் இரண்டு பேர் 2023 ஜனவரியில திருச்செங்கோடு கோயிலுக்கே நேர்ல வந்து கேமரா இருந்த இடங்களைப் பார்த்தாங்க. அந்த வருஷம் ஜூன்ல, முக்கியக் குற்றவாளியோட ஆயுள் தண்டனையை உறுதி செஞ்சாங்க.

சரி, சிசிடிவி என்ன சொல்லும்? ஒருத்தர் இத்தனை மணிக்கு வந்தார், இவங்க கூடப் போனார். அவ்வளவுதான். அவர் யாரு, அவர் வீட்டுல அடுத்த ஏழு வருஷம் எப்படிப் போச்சு, ஒரு ஊரே ஏன் வாயை மூடிக்கிட்டு இருந்துச்சு, இதெல்லாம் அதுக்குத் தெரியாது.

மூணாவது கேமரா

அதைச் சொல்ல வர்றதுதான் டாக்குமென்டரி. இதே கொங்குப் பகுதியில இன்னொரு வழக்கைப் பாருங்க. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் சங்கரை வெட்டிக் கொன்னாங்க. அவர் மனைவி கௌசல்யா படுகாயத்தோட பிழைச்சாங்க. அந்த சிசிடிவி காட்சியை நம்மள்ல எத்தனை பேர் போன்ல பார்த்தோம்! பார்த்தோம், ஃபார்வர்ட் பண்ணோம், மறந்தோம்.

சாதனா சுப்ரமணியம் 2018ல ‘இந்தியாஸ் ஃபர்பிடன் லவ்’னு ஒரு படம் எடுத்தாங்க. அந்தச் சில நொடிகளோட படம் நிக்கல. தன் பெற்றோருக்கு எதிராவே நீதி கேட்டு நிக்கிற கௌசல்யாவோட போகுது. தாங்க நிரபராதின்னு சொல்ற குடும்பத்தையும் பேச விடுது. வாட்ஸ்அப்ல வெறும் பாதிக்கப்பட்டவரா நாம பார்த்த பொண்ணு, இங்க முடிவெடுக்கிற, சண்டை போடுற மனுஷியா தெரியறாங்க. ‘மன உறுதி’ன்னு நாம சுலபமா சொல்லிடற வார்த்தைக்கு என்ன விலைன்னு அப்பதான் புரியும்.

தமிழ்ல இந்த வேலை ரொம்ப நாளாவே நடக்குது. 1999 ஜூலை 23ல திருநெல்வேலியில ஊர்வலம் போன மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்கள் மேல போலீஸ் தடியடி நடத்த, தாமிரபரணியில 17 பேர் இறந்தாங்க. ஆர்.ஆர். சீனிவாசன் அதை ‘நதியின் மரணம்’னு பதிவு பண்ணார். மதுரையில ஒரு தெருவுல மலம் அள்ளிச் சுத்தம் பண்ற ஒரு பெண்ணோட வேலையை அமுதன் ஆர்.பி. 2003ல ‘பீ’ன்னு படமாக்கினார். 2017ல திவ்யபாரதியோட ‘கக்கூஸ்’ வந்தது. பல இடங்கள்ல அதைத் திரையிட போலீஸ் அனுமதி கிடைக்கல. அவங்க யூடியூப்ல போட்டாங்க, லட்சக்கணக்கான பேர் பார்த்தாங்க.

அப்போ விழா எதுக்கு?

யூடியூப்லயே கிடைக்குதே, விழாவுக்கு ஏன் போகணும்? நியாயமான கேள்விதாங்க.

1998லேருந்து அமுதன் மதுரையில ஆவணப்பட, குறும்பட விழா நடத்துறார். இந்த மாதிரி விழாவுல படம் முடிஞ்சதும் யாரும் எழுந்து போறதில்லை. இயக்குநர் முன்னாடி வந்து நிப்பார். “இவங்க அழுகையை ஏன் இவ்வளவு நேரம் காட்டினீங்க?”, “அந்தப் பக்கத்து ஆளுங்ககிட்ட ஏன் பேசல?”, “படத்துல வந்தவங்க இதைப் பார்த்தாங்களா?”ன்னு கேட்கலாம். மூணாவது கேமராவையும் அப்படியே நம்பிடக் கூடாது பாருங்க. அதைக் கேள்வி கேட்க ஒரு இடம் வேணும். விழா அந்த இடம்.

இன்னொரு காரணமும் இருக்கு. படம் முடிஞ்சாலும் வாழ்க்கை முடியாது. சங்கர் வழக்குல கௌசல்யாவோட அப்பாவுக்குக் கீழ்க்கோர்ட் தூக்குத் தண்டனை கொடுத்தது. 2020 ஜூன்ல உயர் நீதிமன்றம் அவரை விடுதலை பண்ணிடுச்சு. 2018ல வந்த படத்துல இது இருக்க முடியாது. போன்ல தனியா பார்க்கிறவருக்கு அந்தப் படத்தோடயே கதை முடிஞ்சிடும். நாலு பேர் கூடிப் பார்க்கிற இடத்துல “அப்புறம் என்னாச்சு?”ன்னு ஒருத்தராவது கேட்பாங்க, தெரிஞ்சவங்க சொல்லுவாங்க.

சேலத்துக்காரங்களுக்கு சினிமா புதுசு இல்லை. ஏற்காடு ரோட்டுல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிக்குது. அந்த ஸ்டுடியோவுலேருந்து நூறு படத்துக்கு மேல வந்திருக்கு. ஆனா நம்ம ஊர்ல நடந்ததை நாமளே உட்கார்ந்து பார்த்துப் பேசற பழக்கத்துக்கு ஸ்டுடியோ எல்லாம் தேவையில்லை. ஒரு காலேஜ் வகுப்பறை, வாடகைக்கு ஒரு ப்ரொஜெக்டர், இயக்குநருக்கு ஒரு மெயில் போட்டு அனுமதி, வர்றதுக்கு இருபது பேர். படத்துக்கு ஒரு மணி நேரம்னா பேச்சுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்க.

முதல் படமா எதைப் போடலாம்னு யோசிச்சா, உங்க ஊர்ல யாருமே பேசத் தயங்குற விஷயம் எதுன்னு பாருங்க. அங்கேருந்து ஆரம்பிங்க.