மூலமும் வெட்கமும்

பொதுக்காரியமென்று அலைவோர் மலவேகத்தை அடக்குகின்றனர். மூலம் வந்தால் வெட்கத்தினால் மறைக்கின்றனர். மலம் இறுகுவதும், முக்குவதும், கழிப்பிடத்தில் நெடுநேரம் அமர்வதும் ஆசனவாயின் இரத்தக் குழாய்களை வீங்கச் செய்கின்றன. ஆகவே மலச்சிக்கலைத் தீர்க்காமல் களிம்பு மட்டும் தடவுவது, வேரை விட்டு இலைக்கு நீர் வார்ப்பதேயாகும்.

நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். தீட்டிய அரிசிச் சோற்றைக் குறைத்து, கீரை, அவரை, கேழ்வரகு, கொய்யா முதலியவற்றைப் படிப்படியாகக் கூட்டுக. நீரும் தாராளமாய்ப் பருகுக. வலிக்கு, வெதுவெதுப்பான நீரில் 15 நிமிஷம் அமர்தல் இதமளிக்கும். வைத்தியர் சொல்லாமல் நாள்தோறும் பேதி மருந்தை நாடுதல் தகாது.

எனினும், இரத்தத்தைக் கண்டதும் மூலமென்று தாமே தீர்மானித்துவிடலாகாது; குடற்புற்றும் அவ்வாறே தோன்றக்கூடும். வைத்தியரிடம் காட்டத் தாமதிப்பதே வெட்கத்திற்குரியது என்பது நமது அபிப்பிராயம்.