உடலுக்குள் ஒரு மணிக்கூடு

புறக்கோட்டையின் வாயிலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தை அறியாத பழைய மாணவர் நம்மில் இரார். பார்சி இனத்தவரான கான் குடும்பத்தினர் தம் முன்னோர் ஒருவரின் நினைவாக 1923ஆம் ஆண்டில் அதனை நிறுவினர். அது யாவர்க்கும் ஒரே நேரத்தைக் காட்டும். ஆயினும் அதன் அடியிற் செல்வோர் யாவரும் ஒரே நேரத்தில் விழிப்பும் ஊக்கமும் உடையராதல் இல்லை. ஒருவர்க்கு வைகறையில் அறிவு தெளிகின்றது. மற்றொருவர்க்கு இரவு பத்து மணிக்கே மனம் மலர்கின்றது. இவ்வேறுபாடு பழக்கத்தால் மாத்திரம் விளைவதன்று. உடலுக்குள்ளே ஒரு மணிக்கூடு உண்டு. அஃது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

பிரெஞ்சு அறிஞர் டி மேரான் 1729ஆம் ஆண்டில் தொட்டாற்சுருங்கிச் செடியொன்றை இருளில் வைத்துப் பார்த்தார். கதிரவனைக் காணாத நிலையிலும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவிற் குவிந்தன. காலவுணர்வு உயிரின் உள்ளேயே உறைகின்றது என்பதற்கு இதுவே முதற் சான்றாயிற்று. பழ ஈக்களில் இக்காலக் கணக்கை நடத்தும் மரபணுவின் செயலை விளக்கிய ஹோல், ரொஸ்பாஷ், யங் என்னும் மூவர் 2017ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

தமிழகமும் இத்துறைக்குப் பங்களித்துள்ளது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் மா. கி. சந்திரசேகரனும் அவர்தம் மாணாக்கரும் மதுரைக்கு அணித்தான குகையொன்றில் வௌவால்களை ஆராய்ந்தனர். இருள் சூழ்ந்த குகையில் தனியே அடைபட்ட வௌவால் தன் சொந்தக் கணக்கின்படியே நாளைக் கழித்தது. தன் இனத்தோடு ஒரே குகையில் இருந்த வௌவாலோ, ஒளியைக் காணாதபோதும், தோழர்களின் வரவு போக்கைக் கொண்டே நேரத்தைச் சரிசெய்துகொண்டது. மனிதரையும் மணிக்கூடும் பகலொளியும் இல்லாத அறையில் தங்கச்செய்து அவர்கள் ஆராய்ந்தனர்.

மனிதரின் தலைமை மணிக்கூடு மூளையின் அடியில், கண் நரம்புகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே உள்ளது. அதன் சுற்று 24 மணித்தியாலத்துக்குச் சராசரியாகச் சில நிமிடங்கள் கூடுதலானது. காலையொளி கண்வழிப் புகுந்து நாள்தோறும் அதனைத் திருத்துகின்றது. இரவில் மெலற்றோனின் என்னும் சுரப்பு மிகுந்து நித்திரைக்கு வழிகோலும். பின்னிரவில் உடல் வெப்பமும் விழிப்பும் மிகத் தாழ்கின்றன. புறக்கோட்டையிலிருந்து புறப்படும் இரவுப் பேருந்தின் சாரதிக்கு மூன்று மணிமுதல் ஐந்து மணிவரையுள்ள நேரம் ஆபத்தானது என்பதன் காரணம் இதுவே. நண்பகலுக்குப் பின் வரும் சிறு சோர்வும், உண்ட சோற்றின் குற்றம் மாத்திரம் அன்று. அதில் இம்மணிக்கூட்டுக்கும் பங்குண்டு.

நிற்க. அரசாங்கத்தின் கடிகாரமும் உடலின் கடிகாரமும் முரண்பட்டால் யாது நிகழும்? இதனை இலங்கையர் அனுபவத்தில் அறிந்தனர். மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996ஆம் ஆண்டு மே மாதத்தில் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கப்பட்டது. பழைய நேரம் மீண்டது 2006ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே. இடைப்பட்ட ஆண்டுகளில், தை மாதத்திற் கொழும்பிற் கதிரவன் உதித்தபோது மணி ஏறக்குறைய ஏழு. ஏழரைக்குத் தொடங்கும் பாடசாலைக்காகப் பிள்ளைகள் இருளிலேயே வீட்டை விட்டுப் புறப்பட்டனர். கடிகார முள்ளை ஒரு கட்டளையால் நகர்த்தலாம். ஒளியைக் கண்டு நடக்கும் உடலை அங்ஙனம் நகர்த்தல் இயலாது.

இன்று பழைய நேரம் மீண்டுவிட்டதெனினும், மாணாக்கரின் இடர் முற்றும் நீங்கவில்லை. பருவமடையுங் காலந்தொட்டு இருபது வயதளவும் உடலின் மணிக்கூடு பின்தள்ளிப் போகின்றது. அதன்பின் வயதேற ஏற முன்னே வருகின்றது. ஆகவே வைகறையில் எளிதில் எழும் தந்தை, எழமாட்டாத மகனைச் சோம்பேறி என்று கடிவது இயற்கையை அறியாத கடிதலாகும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மாலை வகுப்பு முடிந்து வீடு சேர்ந்து, பதினொரு மணிக்கு உறங்கும் மாணவனை நாலரைக்கு எழுப்பினால், அவனுக்குக் கிடைப்பது ஐந்தரை மணித்தியாலமே. இளமைக்கு வேண்டுவதோ எட்டு மணித்தியாலமும் அதற்கு மேலும். குறைந்த நித்திரை கற்றதை நினைவில் நிறுத்தாது.

ஆத்திசூடி பயின்ற நமக்கு வைகறையில் எழுதல் நல்லொழுக்கமே. ஆயின் வைகறையில் எழ விரும்புவோன் முன்னிரவிலேயே உறங்கல் வேண்டும். அதற்குப் படுக்கைக்கு முன் விளக்கொளியையும் கைப்பேசியின் ஒளியையும் குறைத்தலும், எழுந்தவுடன் வெயிலில் சிறிது உலாவுதலும், விடுமுறை நாளிலும் ஏறத்தாழ அதே நேரத்தில் எழுதலும் துணைசெய்யும். இவற்றாலும் முழுதும் மாறாதார் சிலர் இருப்பர். அவர்க்கு இரவுப் படிப்பே பொருந்துமாயின், உறங்கும் நேரம் குறையாதவாறு அதற்கு இடமளிப்பதே அறிவுடைமை. கல்லூரியின் கால அட்டவணையை வகுப்போரும், பிள்ளைகளின் மாலை வகுப்புகளைத் தீர்மானிக்கும் பெற்றோரும் இதனைச் சிந்திப்பாராக.